‘கரண்ட் வரல’: மண்பாதை வண்டியில் இக்னிஷன் கோளாறைத் தேடிப் போவது எப்படி

ஓசூர்ப் பக்கம் எந்த மெக்கானிக் கடையிலும் ‘ஸ்பார்க்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘கரண்ட்’தான். “பிளக்ல கரண்ட் வருதா பாரு.” “கரண்ட் வரல சார், சிடிஐ போயிருச்சு.” இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் நான் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டேன். கரண்ட் வரவில்லை என்பது கண்ணால் பார்த்த செய்தி. சிடிஐ போய்விட்டது என்பது ஊகம். இரண்டுக்கும் நடுவில் ஆறேழு இடங்கள் இருக்கின்றன. அதில் எங்கே வேண்டுமானாலும் கோளாறு உட்கார்ந்திருக்கலாம்.

வண்டி என்னுடையது இல்லை. சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் தம்பி ஒருவருடையது. பழைய வண்டி, கார்புரேட்டர், கிக்கர், உயரமான சஸ்பென்ஷன், முள்ளு முள்ளாக டயர். பிராண்ட் பெயர் இங்கே தேவையில்லை, எந்த கம்பெனி வண்டியிலும் வரக்கூடிய கோளாறுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கெலவரப்பள்ளி அணையைச் சுற்றியுள்ள மண் தடங்கள், தைலமரத் தோப்பு, பாறை மேடு என்று சுற்றுவார். மற்ற நாள் அதே வண்டியில்தான் நைட் ஷிஃப்ட். அதனால் வண்டி நின்றால் விளையாட்டு மட்டும் நிற்காது, சம்பளத்திலும் கை வைக்கும். இருபது இருபத்தைந்து நிமிஷம் ஓடினால் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். எவ்வளவு உதைத்தாலும் வராது. அரை மணி நேரம் கழித்து ஒரே உதையில் வரும். மூன்று கடை பார்த்தாகிவிட்டது. பிளக் புதுசு, காயில் புதுசு, சிடிஐ இரண்டு முறை புதுசு. “பேசாம எடைக்குப் போட்டுடலாம்னு இருக்கேண்ணா” என்ற நிலையில்தான் என்னிடம் வந்தார்.

முதலில் சங்கிலியைப் புரிந்துகொள்வோம். கிக்கரை உதைக்கும்போது இன்ஜின் சுற்றுகிறது. கூடவே மேக்னட் சக்கரமும் சுற்றுகிறது. அதன் உள்ளே இருக்கும் எக்ஸைட்டர் காயில் நூறு வோல்ட்டுக்கு மேல் மாறுமின்சாரம் தருகிறது. வேகம் கூடினால் இன்னும் கூடும். அது சிடிஐ பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் போய்ச் சேர்ந்து காத்திருக்கிறது. பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் சக்கரத்தின் வெளிப்புறத்தில் உள்ள ஒரு சின்ன மேடு பல்ஸர் காயிலைக் கடக்கிறது. பல்ஸர் காயில் ‘இப்போ’ என்று ஒரு சிறு துடிப்பு அனுப்புகிறது. கெப்பாசிட்டரில் இருந்ததெல்லாம் ஒரே மூச்சில் இக்னிஷன் காயிலின் முதல் சுற்றில் கொட்டுகிறது. இரண்டாம் சுற்றில் அது பல்லாயிரம் வோல்ட்டாகப் பெருகி, பிளக் வயர், பிளக் கேப் வழியாக வந்து, பிளக் முனையில் முக்கால் மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டுகிறது. பிறகு இன்ஜின் உடம்பு வழியாக எர்த்துக்குத் திரும்புகிறது.

இது ஏசி சிடிஐ. பேட்டரியைக் கழட்டிவிட்டாலும் வண்டி ஓடும். பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் டிசி சிடிஐயும் உண்டு. இப்போது வரும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெரும்பாலும் டிரான்சிஸ்டர் வகை. உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாமல் மீட்டரைக் கையில் எடுக்காதீர்கள். ஏன் என்று கில் சுவிட்ச் பற்றிச் சொல்லும்போது புரியும்.

இந்த ஊரில் இருந்துகொண்டு பிளக்கைப் பற்றி எழுதும்போது ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. உயர்அழுத்த மேக்னட்டோவையும் ஸ்பார்க் பிளக்கையும் ஜோடி சேர்த்து 1902இல் கொண்டுவந்தவர் பாஷ் நிறுவனத்தின் காட்லோப் ஹோனால்ட். அந்த நிறுவனத்தின் இந்தியக் கிளை 1951இல் மைகோ என்ற பெயரில் தொடங்கியது. அதன் வளாகம் பெங்களூர் ஆடுகோடியில், நம்ம ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. 2008இல் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறியது. ஆனாலும் வயசான மெக்கானிக்குகள் எந்த கம்பெனி பிளக்காக இருந்தாலும் “ஒரு மைகோ பிளக் வாங்கிட்டு வா” என்றுதான் சொல்கிறார்கள். ரோட்டின் இந்த முனையிலோ 1980இல் டிவிஎஸ் 50 வந்தது. அப்போதெல்லாம் ‘பாயிண்ட்’ காலம். கரண்ட் வரவில்லை என்றால் பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு ஓட்டிப் போய்விடலாம். கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது. சிடிஐ கறுப்பாக, தார் போல் ஒன்றை ஊற்றி மூடிய பெட்டி. உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எனவே எல்லாப் பழியும் அதன் தலையில்.

சரி, சோதனைக்கு வருவோம். பிளக்கைக் கழட்டி, கேப்பில் மாட்டி, இன்ஜின் மேல் வைத்து உதைத்துப் பார்ப்பது எல்லாரும் செய்வது. நல்ல முறைதான், ஆனால் அரைகுறை. வெளிக்காற்றில் முக்கால் மில்லிமீட்டரைத் தாண்டுவது சுலபம். சிலிண்டருக்குள் அழுத்தம் வெளியே உள்ளதைப் போல் பல மடங்கு. அழுத்தம் கூடினால் அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். வெளியே ‘டிக் டிக்’ என்று அடிக்கும் சோம்பலான மஞ்சள் பொறி உள்ளே போனதும் செத்துப்போகும். அதனால் ஆறு மில்லிமீட்டர் இடைவெளி வைத்த ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் தாண்டி நீலமாக, சத்தத்தோடு அடித்தால் காயில் வரை நலம். (ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். கடல் மட்டத்தைவிடக் காற்றழுத்தம் ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. ஆகவே இங்கே ஆறு மில்லிமீட்டரைத் தாண்டுவது சென்னையைவிடக் கொஞ்சம் சுலபம். நடைமுறையில் இதனால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் நினைத்துப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது.)

இரண்டு எச்சரிக்கை. பிளக் துவாரத்துக்குப் பக்கத்தில் பொறி விடாதீர்கள். உதைக்கும்போது அந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவிதான் வெளியே வருகிறது. அதேபோல் கேப்பை அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டு உதைக்காதீர்கள். போக வழியில்லாத மின்னழுத்தம் காயிலுக்குள்ளேயே எங்காவது துளைத்துக்கொண்டு போகும். நல்லா இருந்த காயில் அப்படித்தான் கெடும்.

பொறி இல்லை. அடுத்து? எதையும் வாங்குவதற்கு முன், கில் சுவிட்ச் வயரைக் கழட்டிவிட்டு உதைத்துப் பாருங்கள். ஏசி சிடிஐயில் கில் சுவிட்ச் ஒன்றையும் ‘துண்டிப்பதில்லை’. எக்ஸைட்டர் தரும் மின்சாரத்தை எர்த்துக்கு வழி மாற்றிவிடுகிறது. அதாவது அந்த வயர் எங்காவது ஃபிரேமில் உரசி, தோல் உரிந்து, இரும்பைத் தொட்டால் வண்டி அணைந்துவிடும். மண்பாதை வண்டியில் இது சர்வசாதாரணம். ஹேண்டிலை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓயாமல் திருப்புவதால், ஸ்டியரிங் கழுத்தில் வயர் கட்டு மடங்கி மடங்கித் தேயும். ஹேண்டிலை இடதுபக்கம் முழுக்கத் திருப்பினால் அணையும், நேராக்கினால் வரும் என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். டிசி சிடிஐ, டிரான்சிஸ்டர் வகைகளில் பெரும்பாலும் கதை நேர் எதிர்: அங்கே சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கும். எனவே வயரைக் கழட்டிவிட்டால் நல்ல வண்டியும் நிற்கும். வகை தெரியாமல் கை வைக்காதீர்கள் என்றது இதற்குத்தான். வயர் நிறத்தை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். செகண்ட் ஹேண்ட் வண்டியில் யார் எந்தக் கலர் வயரை எங்கே ஒட்டுப் போட்டிருப்பார் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

தம்பியின் வண்டியில் கில் வயரைக் கழட்டினோம். மாற்றம் இல்லை. எர்த் பார்த்தோம்: இன்ஜினுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ஓம் கணக்கில் கிட்டத்தட்ட சைபர். நல்லது. ஃபிரேமுக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்த வண்டியில் இதை முதலிலேயே பாருங்கள். எர்த் போல்ட்டின் அடியிலும் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள்.

அடுத்தது மல்டிமீட்டர். சீட்டுக்கு அடியில் மேக்னட்டிலிருந்து வரும் கனெக்டரைப் பிரித்து அங்கேயே அளக்கலாம், இன்ஜினைத் திறக்க வேண்டியதில்லை. பல்ஸர் காயில் பொதுவாக நூறிலிருந்து சில நூறு ஓம். எக்ஸைட்டரும் பல வண்டிகளில் சில நூறு ஓம். இக்னிஷன் காயிலின் முதல் சுற்று சிடிஐ வண்டிகளில் ஒரு ஓமுக்கும் குறைவு, இரண்டாம் சுற்று சில ஆயிரம் ஓம். பிளக் கேப்பில் ரெசிஸ்டர் இருந்தால் ஐயாயிரம் ஓம் பக்கம். சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். எங்கள் அளவு, காலையில் குளிர்ந்த இன்ஜினில்: பல்ஸர் 204 ஓம், மேனுவல் எல்லைக்குள். எக்ஸைட்டர் சரி. காயில் சரி. கேப் சரி.

பழைய கடைகளிலும் மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் சரி என்று காட்டியதால்தான் மீதி இருந்த ஒரே சந்தேகம் சிடிஐ. அந்தத் தர்க்கத்தில் தப்பில்லை. தப்பு அளந்த நேரத்தில் இருக்கிறது. வண்டி சூட்டில்தானே நிற்கிறது? குளிரில் அளந்தால் என்ன தெரியும்? காய்ச்சல் விட்ட பிறகு தெர்மாமீட்டர் வைக்கிற மாதிரி.

அதனால் அணைக்கரைத் தடத்துக்கே மீட்டரோடு போனோம். சீட்டை முன்கூட்டியே தளர்த்தி, கனெக்டரைக் கைக்கு எட்டும்படி வைத்துக்கொண்டோம். இருபத்திரண்டாவது நிமிஷம் வண்டி நின்றது. நின்ற ஒரு நிமிஷத்துக்குள் பல்ஸர் காயிலை அளந்தோம். மீட்டரில் எண்ணே இல்லை. ஓப்பன். எக்ஸைட்டரில் எண் இருந்தது, கொஞ்சம் கூடி. வெளியே வரும் வயரை ஆட்டி, இழுத்துப் பார்த்தோம், மாற்றம் இல்லை. ஆக முறிவு வயரில் இல்லை, சுற்றுக்குள். பத்து நிமிஷம் கழித்து எண் தோன்றி, ஆடி, மறைந்தது. பதினைந்தாவது நிமிஷத்தில் 230 ஓமில் நின்றது. உதைத்தோம், வந்தது.

இங்கே ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். செம்புக் கம்பி சூடானால் ஓம் கூடத்தான் செய்யும், டிகிரிக்கு சுமார் 0.39 சதவீதம். 28 டிகிரியில் 204 ஓம் காட்டிய காயில் 100 டிகிரியில் 260 ஓம் பக்கம் காட்டுவது ஆரோக்கியம். அதைப் பார்த்து ‘ஆஹா, கூடிருச்சு, காயில் போச்சு’ என்று முடிவு கட்டக்கூடாது. எக்ஸைட்டர் கூடியது அப்படித்தான். ஆனால் 260க்குப் பதிலாக எல்லையில்லா ஓம் என்றால் தலைமுடிபோல் மெல்லிய கம்பி எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள். குளிரில் அறுந்த இரு முனைகளும் தொட்டுக்கொள்கின்றன. சூட்டில் சுற்றியுள்ள பொருள் விரிவடையும்போது விலகுகின்றன.

சரி, அப்படியென்றால் சிடிஐ மாற்றியபோது இரண்டு தடவையும் வண்டி ஸ்டார்ட் ஆனதே, அது எப்படி? இதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். வண்டி நின்றது, கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மெக்கானிக் பார்த்தார், கரண்ட் இல்லை. பையனை அனுப்பிக் கடையில் சிடிஐ வாங்கி வந்தார்கள். மாட்டினார்கள், உதைத்தார்கள், வந்துவிட்டது! நடுவில் போன நேரம் குறைந்தது முக்கால் மணி. அந்த முக்கால் மணியில் பல்ஸர் காயில் தானாகக் குளிர்ந்துவிட்டது. சிடிஐக்குப் பதில் ஒரு டீ வாங்கிக் குடித்திருந்தாலும் வண்டி வந்திருக்கும். மெக்கானிக் ஏமாற்றவில்லை. அவர் கண்ணால் கண்டதைத்தான் நம்பினார். சூட்டில் வரும் கோளாறில் பழுது பார்க்கும் நேரமே மருந்தாக வேலை செய்துவிடும். எதை மாற்றினாலும் அது பலித்த மாதிரி தெரியும். இதை உடைக்க ஒரே வழி, புது சாமானை மாட்டி வந்தது என்றதும் நிறுத்தாமல், பழையதைத் திரும்ப மாட்டி உதைத்துப் பார்ப்பது. பழையதிலும் வந்தால் குற்றவாளி அது இல்லை. ஐந்து நிமிஷ வேலை. எந்தக் கடையிலும் செய்ய மாட்டார்கள், வண்டி வந்த பிறகு யாருக்குப் பொறுமை?

பல்ஸர் காயிலை மாற்றினோம். மேக்னட் கவரைத் திறந்து, சக்கரத்தின் மேட்டுக்கும் காயிலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து மேனுவல்படி சரிசெய்ய வேண்டும். பல வண்டிகளில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இடைவெளி கூடிப்போனால் உதைக்கும் வேகத்தில் துடிப்பு பலவீனமாக இருக்கும். தள்ளினால் வரும், கிக்கரில் வராது. கவரைத் திறந்ததோடு உட்ரஃப் சாவியையும் பாருங்கள். சக்கரத்தை கிராங்க்கில் சரியான கோணத்தில் பிடித்து வைக்கும் அரைவட்டத் துண்டு அது. அது நசுங்கிச் சக்கரம் கொஞ்சம் நகர்ந்துவிட்டால் நீலப் பொறி ஜோராக வரும், ஆனால் நேரம் தப்பி வரும். கிக்கர் காலை எதிர்த்து அடிக்கும், சைலன்ஸரில் வெடிக்கும். அப்போது கரண்டைத் தேடிப் பயனில்லை.

வெயில் கோளாறு தீர்ந்தது. இந்த வண்டிக்குத் தண்ணீர்க் கோளாறும் ஒன்று இருந்தது. அது கெலவரப்பள்ளிக்கே உரியது.

தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் ஓரமாக வந்து, அந்த ஊரின் கழிவுநீரையும் ஆலைக் கழிவையும் வாங்கிக்கொண்டு, கொடியாளம் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 44.28 அடி உயரம் நீர் பிடிக்கும் கெலவரப்பள்ளி அணை அதற்கு இங்கே முதல் நிறுத்தம். மழைக்காலத்தில் மதகு திறந்தால் பனிமலை போல் வெள்ளை நுரை. தரைப்பாலங்களை மூடி, வண்டிகளை மறைக்கும் அளவுக்கு வந்து செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்த நுரைத் தண்ணீரில் இறங்கிய வண்டி, சுத்தமான ஓடையில் இறங்கிய வண்டியைவிட எளிதாக ஏன் நிற்கிறது? காரணம் இரண்டு. சோப்பு, டிடர்ஜென்ட் கலந்த நீருக்குப் பரப்பு இழுவிசை குறைவு. சாதாரணத் தண்ணீர் பிளக்கின் வழவழப்பான பீங்கானில் முத்து முத்தாக நிற்கும், முத்துக்கு நடுவே உலர்ந்த இடைவெளி இருக்கும். சோப்புத் தண்ணீர் படலமாகப் பரவும், ரப்பர் கேப்பின் சின்ன இடுக்கிலும் நுழையும். இரண்டாவது, கழிவுநீரில் கரைந்திருக்கும் உப்புகள். அந்தப் படலம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பல்லாயிரம் வோல்ட்டுக்கு இதைவிட நல்ல குறுக்குப் பாதை வேறு வேண்டுமா? சிலிண்டருக்குள் கஷ்டப்பட்டு இடைவெளியைத் தாண்டுவதற்குப் பதில் பீங்கானின் வெளிப்பக்கமாகவே வழுக்கி எர்த்துக்குப் போய்விடுகிறது. இருட்டில் உதைத்துப் பார்த்தால் கேப்பைச் சுற்றி நீலமாக ஊர்வது கண்ணுக்கே தெரியும். தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பு அங்கேயே ஒட்டியிருக்கும். மறுநாள் பனி ஈரத்தில் திரும்பவும் மிஸ்ஸிங். எனவே வெறுமனே காயவிட்டால் போதாது. நல்ல தண்ணீரில் கேப்பையும் பீங்கானையும் கழுவி, துடைத்து, முழுக்க உலர்த்தி, கேப்பின் வாயில் சிலிக்கோன் கிரீஸ் தடவி மாட்டுங்கள். கில் சுவிட்சுக்கும் இதே வைத்தியம். அதற்குள் போன உப்புத் தண்ணீர் முழு ஷார்ட் ஆக்காவிட்டாலும் கொஞ்சம் கசியவிட்டுப் பொறியைச் சோம்பலாக்கும். (அந்தத் தண்ணீரில் கையைக் காலை வைத்துவிட்டு அப்படியே பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.)

தண்ணீர் ஏர் ஃபில்டர் வரை ஏறியிருந்தால் உதைப்பதற்கு முன்பே பிளக்கைக் கழட்டிவிட வேண்டும். தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டர் நிறையத் தண்ணீரோடு உதைத்தால் கனெக்டிங் ராட் வளையலாம். பிளக் இல்லாமல் உதைத்து வெளியேற்றிவிட்டு, அப்புறம் கரண்டைப் பற்றிக் கவலைப்படலாம்.

பிளக் பற்றி ஒன்று. மண்பாதையில் முதல் கியரிலேயே ஊர்ந்துகொண்டிருந்தால் பிளக் முனை சூடேறாது. சுமார் 450, 500 டிகிரியைத் தொட்டால்தான் படிந்த கரியை அதுவே எரித்துக்கொள்ளும். அதற்குக் கீழே கரி படிந்து, பீங்கானின் உள்பக்கமாக எர்த்துக்குப் பாலம் போட்டுவிடும். அப்போது ஒரு படி ‘சூடான’ பிளக் போடலாம். கடையில் கேட்கும்போது கவனம்: என்ஜிகே பிளக்கில் எண் குறைந்தால் சூடு, பாஷில் எண் கூடினால் சூடு. எண்ணை மட்டும் சொல்லி வாங்கினால் தலைகீழாக வந்து சேரும்.

இன்ஜெக்‌ஷன் வண்டி வைத்திருப்பவர்களுக்கு, பாறையில் விழுந்து எழுந்ததும் கரண்டும் இல்லை, பெட்ரோல் பம்ப் சத்தமும் இல்லை என்றால் பயப்படாதீர்கள். வண்டி ஓரளவுக்கு மேல் சாய்ந்தால் இன்ஜினை அணைக்கும் சென்சார் ஒன்று பல வண்டிகளில் இருக்கிறது. நிமிர்த்தினால் மட்டும் போதாது, சாவியை ஆஃப் செய்து திரும்ப ஆன் செய்ய வேண்டும். அப்படியும் வரவில்லை என்றால் சைடு ஸ்டாண்ட் சுவிட்சைப் பாருங்கள், சேறு அடைத்திருக்கும்.